மீடியலும் என் பீச்சாங்கால் முட்டியும்

பொய் சொல்வதற்கும் ஒரு படிப்பு வேண்டும். படித்தவர்கள் சொல்லும் பொய்யைக் கவனித்திருக்கிறேன். முன்னும் பின்னும் பொருந்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாதபடி இருக்கும். நான் பள்ளிக்கூடத்து வாசலில் குச்சி ஐஸ் வாங்கித் தின்றதோடு சரி, உள்ளே போனதில்லை. அதனால் என் பொய் ஒழுகும். வீட்டில் ஒழுகினால் பரவாயில்லை. பேத்தியின் பரீட்சை அறையில், கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனுஷர் முன்னால் ஒழுகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல மருமகள் மல்லிகாதான் இதை எழுதுகிறாள். (எழுதுடி, சிரிக்காத. உன் பொண்ணு கததான் இது.)

என் பெயர் அஞ்சலை. மரக்காணத்தில் கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவில் எங்கள் வீடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அளத்தில்தான் வேலை. உப்புத் தண்ணீரில் நின்று பாத்தியை மிதித்து, உப்பை வாரி, கூடையில் சுமந்து கரையேற்றியதில் என் பீச்சாங்கால் முட்டி முதலில் கைவிட்டது. முழு முட்டியும் இல்லை. அதில் ஒரு ஓரம் மட்டும். அந்த ஓரத்தை யாராவது தொட்டால் நான் போடும் சத்தத்தில் காக்காய் பறக்கும். மற்ற ஓரத்தில் நீங்கள் மிளகாய் அரைத்தாலும் எனக்குத் தெரியாது.

பேத்தி சந்தியா பாண்டிச்சேரியில் பிசியோதெரபி படித்தாள். கை கால் பிடிப்பதற்குக் கல்லூரி எதற்கு என்று முதலில் நான் கேட்டேன். (கேட்டது தப்புதான். இப்ப என் முட்டிய அவகிட்டத்தான் குடுத்திருக்கேன்.) எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். பரீட்சை வந்தால் அவளுக்கு முன்னால் நான் மாரியாத்தாவுக்கு விளக்கு ஏற்றிவிடுவேன்.

அந்த வருடம் அவளுக்கு ஒரு பிராக்டிகல். முட்டி வலி உள்ள ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய், வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர் முன்னால் படுக்கவைத்து, எங்கே வலி, என்ன வைத்தியம் என்று சொல்லிக்காட்ட வேண்டும். அவள் ஏற்பாடு செய்திருந்த பூக்கார அம்மா, பரீட்சைக்கு முன்தினம் மகளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டதென்று திண்டிவனம் போய்விட்டாள். சந்தியா போனில் அழுதாள்.

"ஆயா, நாளைக்கு உன் முட்டி சும்மா இருக்குதா?"

"என் முட்டி என்னைக்குடி வேலைக்குப் போச்சு? வா, எடுத்துக்க."

"இதுல ஃபெயில் ஆனா ஆறு மாசம் போயிடும் ஆயா. ஆஸ்பத்திரியில ட்ரெயினிங் குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க, அதுவும் போயிடும்."

கல்லூரியில் சொந்தக்காரர்களைக் கூட்டி வரக்கூடாதாம். சொல்லிக்கொடுத்து அழைத்து வருவார்கள் என்ற பயம். (எவ்வளவு நியாயமான பயம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.) ஆனால் வேறு முட்டிக்கு எங்கே போவது? அன்று மாலையே சந்தியா ஊருக்கு வந்து, பாயை விரித்து என்னைப் படுக்கவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"ஆயா, உனக்கு வலிக்கறது மீடியல் பக்கம். மீடியல்னா உள்பக்கம். லேட்டரல்னா வெளிப்பக்கம். புரியுதா?"

"உள்பக்கம்னா எலும்புக்கு உள்ளயா?"

"இல்ல ஆயா, உள் ஓரம்."

"முட்டிக்கு ஏதுடி உள்ளு? அது என்ன வீடா, கதவு வெச்சிருக்க?"

அவளுக்குச் சொல்லி மாளவில்லை, எனக்குக் கேட்டு மாளவில்லை. அப்போது தலையைத் தூக்கிப் பார்த்தேன். வலிக்கிற ஓரம் கடல் பக்கம் இருந்தது. வலிக்காத ஓரம் அளத்துப் பக்கம் இருந்தது. அவ்வளவுதானே விஷயம்!

"பாப்பா, மீடியல்னா கடல் பக்கம். லேட்டரல்னா அளத்துப் பக்கம். முடிஞ்சுதா? இதுக்கா இவ்ளோ பெரிய புஸ்தகம்?"

எங்கள் ஊரில் எதற்கும் கடல்தான் கணக்கு. கொடியில் கடல் பக்கத்துச் சேலையை எடு என்போம். கடல் பக்கத்து அடுப்பில் உலையை வை என்போம். தட்டில் கடல் பக்கம் இருக்கிற மீன் துண்டு மாமனாருக்கு என்றால் மருமகளுக்குப் புரியும். கடல் என்ன எழுந்து நடக்கவா போகிறது?

சந்தியா களைத்துப்போய், "சரி ஆயா, அப்படியே வெச்சுக்க" என்றாள். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். நான்தான் விடவில்லை. அவள் சாப்பிடும்போது, தலை வாரும்போது, பஸ்சுக்கு நிற்கும்போது, "மீடியல்?" என்று கேட்பேன். "கடல் பக்கம்" என்று அவள் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் இட்லியைத் தரமாட்டேன். பஸ்சில் அனுமந்தை தாண்டும்போது பக்கத்து சீட்டு ஆளுக்கே பாடம் ஆகியிருக்கும்.

பரீட்சை நடந்தது ஒரு நீளமான அறையில். திரை மறைப்பு போட்டுக் கட்டில்கள். எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் முதல் வேலையாக, "கடல் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன். ஜன்னலைக் காட்டினாள். எனக்கு நிம்மதி. சந்தியா கட்டிலின் தலைமாட்டைக் காட்டி, "படுங்கம்மா" என்றாள். என் பேத்தி என்னை வாங்க போங்க என்று பேசியது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

படுக்கப் போனவள் நின்றுவிட்டேன். ஜன்னல் பக்கம் கடல் என்றால் அது கிழக்கு. அப்படியானால் தலையணை இருப்பது வடக்கு.

"வடக்க தலை வெச்சா படுக்கணும்? நான் உசுரோட இருக்கேன்மா!"

எங்கள் வீட்டில் கைக்குழந்தையைக்கூட வடக்கே தலை வைத்துப் போடமாட்டோம். பிணத்துக்குத்தான் அந்தத் திசை. என் வாழ்நாளில் படுத்த படுக்கை எல்லாம் தெற்கே தலை, இல்லாவிட்டால் கிழக்கே தலை. வீட்டு ஒத்திகையும் தெற்கே தலை வைத்துத்தான்.

"அந்தப் பக்கம் தலமாடு தூக்கியிருக்குதும்மா, மாத்த முடியாது" என்று சந்தியா கண்ணால் கெஞ்சினாள். சரி, பேத்திக்காக ஒரு அரை மணி நேரம் பிணமாக இருக்கலாம் என்று மாரியாத்தாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். சாமியிடம் மன்னிப்பு கேட்டேனே தவிர, தலையை மாற்றினால் முட்டியும் சேர்ந்து மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எக்ஸாமினர் வந்தார். கண்ணாடி போட்டவர். சிரிக்காத முகம்.

"பேரு என்னம்மா?"

"அஞ்சலைங்க."

"இந்தப் பொண்ண முன்னாடியே தெரியுமா?"

"யாரு, இதுவா? இப்பத்தான் பாக்கறேன். யாரு பெத்த புள்ளையோ, மூக்கும் முழியுமா லட்சணமா இருக்குது. காலையில ரெண்டே இட்லிதான் சாப்ட்டுச்சு."

சந்தியாவின் காது சிவந்தது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அதை மறைக்க முந்தானையால் என் மூக்கை மூடிக்கொண்டேன். (சளி பிடித்திருக்கிறதா என்று அதற்கும் ஒரு கேள்வி வந்தது.)

பிறகு அவர் அவளிடம் இங்கிலீஷில் கேட்டார். எனக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. மீடியல். என் காலைப் பார்த்துக் கையை நீட்டினார். மீடியல் ஓரத்தைத் தொட்டுக்காட்டச் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது.

சந்தியாவின் கை என் முட்டிக்கு மேல் வந்து அப்படியே நின்றது. பயத்தில் படித்ததெல்லாம் போய்விட்டது அவளுக்கு. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாதம், ட்ரெயினிங், அவள் படிப்புக்கு அப்பன் வாங்கிய கடன் எல்லாம் என் முட்டியின் மேல் தொங்குகிற மாதிரி இருந்தது.

இருமுகிற மாதிரி இருமி, "கடல் பக்கம் பாப்பா" என்றேன்.

அவள் காதில் விழுந்துவிட்டது. முந்தின நாளிலிருந்து இட்லிக்கும் தோசைக்கும் சொன்ன பாடம் அல்லவா? யோசிக்காமல் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் பக்கத்து ஓரத்தில் விரலை வைத்து அழுத்தி, "மீடியல், சார்" என்றாள்.

எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

எக்ஸாமினர் கண்ணாடியைச் சரி செய்தார். "மீடியல்?"

"எஸ் சார்."

"இங்க வலிக்குதாம்மா?"

இந்த இடத்தில்தான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். பிள்ளை எங்கே தொட்டாலும் அங்கேதான் வலிக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்று என் மனது முடிவு கட்டிவிட்டது.

"ஐயோ, உசுரு போவுது சார்!"

அவரே குனிந்து அந்த ஓரத்தை அழுத்தினார். "இங்கதான் வலிக்குதா?"

"அங்கதான் சார், அங்கதான்! அம்மாடி!" என்று பல்லைக் கடித்து, கண்ணை மூடி, கட்டிலைப் பிடித்து முனகினேன். தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் போட்டவன்கூட அப்படி அழுததில்லை.

"அப்ப இந்தப் பக்கம் வலி இல்லையே?" என்று சொல்லிக்கொண்டே அவர் மற்ற ஓரத்தை அழுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் பீச்சாங்கால் தானாக எழும்பியது. குனிந்திருந்தவரின் முகத்தில் பட்டது. கண்ணாடி பறந்து பக்கத்துத் திரையில் மோதி, கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு வாத்தியாரை, அதுவும் பீச்சாங்காலால், அதுவும் வடக்கே தலை வைத்துப் படுத்துக்கொண்டு உதைத்தவள் இந்தக் கடற்கரையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

எக்ஸாமினரும் சந்தியாவும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து கண்ணாடியைத் தேடினார்கள். மேலே நான் மட்டும் தனியாகப் படுத்திருந்தேன். அந்தத் தனிமையில் பொய் முழுதும் ஒழுகிவிட்டது.

"ஐயா, எம் பேத்திய ஃபெயில் போட்டுடாதீங்க! அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுடாதீங்க, எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது!"

அடியிலிருந்து அவர் குரல் கேட்டது. "பேத்தியா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். சந்தியா எழுந்திருக்கவே இல்லை, தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடல் பக்கம்னு என்னமோ சொன்னீங்களே, என்ன அது?"

மறைத்து என்ன ஆகப் போகிறது? கொடிச் சேலையிலிருந்து மாமனார் மீன் வரைக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எழுந்து தலைய அந்தப் பக்கம் வெச்சுப் படுங்க" என்றார். தெற்கே தலை! சந்தோஷமாகப் படுத்தேன்.

"இப்ப வலி எந்தப் பக்கம்?"

எட்டிப் பார்த்தேன். "கடல் பக்கம் சார். நான் சொன்னது சரிதானே?"

"மறுபடியும் பழைய மாதிரி படுங்க." படுத்தேன். "இப்ப?"

பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

"வலி அங்கயேதான் சார் இருக்குது. கடல்தான் அந்தாண்ட போயிடுச்சு."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சந்தியாவைப் பார்த்தார்.

"எழுந்திரும்மா. சொந்தக்காரங்கள கூட்டிட்டு வந்ததுக்கும், பேஷண்ட் சொல்லக் கேட்டதுக்கும் மார்க் கட் பண்ணுவேன். அது போயிடுச்சு. மீதி வேணும்னா, மீடியல்னா என்னன்னு இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு. ஒரு இங்கிலீஷ் வார்த்தை வரக்கூடாது. இவங்களுக்குப் புரிஞ்சா உனக்குப் பாஸ்."

என்னை யாரும் இவ்வளவு பெரிய இடத்தில் வைத்ததில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை என்றால்? புரிந்த மாதிரி நடிக்கலாம் என்றால், என் நடிப்பைத்தான் அவர் பார்த்துவிட்டாரே!

சந்தியா முகத்தைத் துடைத்தாள். பிறகு அவள் விரல் என் நெற்றியில் தொடங்கி, மூக்கு, தொண்டை, தொப்புள் என்று நேராக இறங்கியது.

"ஆயா, இது அளத்துல இருக்கற நடு வாய்க்கா. ரெண்டு பக்கமும் பாத்தி. உன் ரெண்டு காலும் ரெண்டு பாத்தி. பாத்திக்கு வாய்க்காலை ஒட்டி ஒரு வரப்பு இருக்கும், வாய்க்காலை விட்டுத் தள்ளி ஒரு வரப்பு இருக்கும். ஒட்டின வரப்பு மீடியல். தள்ளின வரப்பு லேட்டரல். நீ வடக்க நின்னு பாத்தாலும் தெற்க நின்னு பாத்தாலும் ஒட்டினது ஒட்டினதுதானே?"

"நான் குப்புறப் படுத்தா?"

"வாய்க்கா உன்கூடத்தானே கவுழும்?"

முட்டியைப் பார்த்தேன். ஒரு முட்டியின் எந்த ஓரம் இன்னொரு முட்டியோடு இடிக்கிறதோ அது வாய்க்கால் வரப்பு. பஸ்சில் பக்கத்து ஆளை இடிக்கிற ஓரம் வெளி வரப்பு. அட, இவ்வளவுதானா! கடலைக் கேட்காமலே சொல்லிவிடலாம் போலிருக்கிறதே!

எக்ஸாமினர் என் கால் கட்டைவிரலைக் காட்டினார்.

"மீடியல்" என்றேன்.

"சுண்டு விரல்?"

"லேட்டரல்."

"காது?"

"தள்ளித்தானே இருக்குது, லேட்டரல்."

"மூக்கு?"

"அது வாய்க்கா மேலயே கட்டியிருக்குது சார், அதுக்கு எந்தப் பக்கமும் கெடையாது."

கைக் கட்டைவிரலைக் காட்டினார். எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். உள்ளங்கை பின்பக்கம் திரும்பி, கட்டைவிரல் தொடையை ஒட்டிக்கொண்டு இருந்தது. "மீடியல்!" என்றேன்.

சந்தியா அவசரமாக, "இல்ல ஆயா, உள்ளங்கைய முன்னாடி காட்டி நின்னுதான் கணக்குப் பாக்கணும். அப்ப கட்டைவிரல் தள்ளிப் போயிடும். அது லேட்டரல்" என்றாள்.

அப்படி நின்று பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் விரித்தபடி, எக்ஸாமினர் முன்னால்.

"இப்படி யாருடி நிப்பாங்க? ரேஷன் கடையில அரிசி தீந்துபோச்சுன்னு சொன்னாதான் இப்படி நிப்போம்."

அப்போதுதான் அந்த மனுஷர் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நீங்க வெளிய போய் உக்காருங்கம்மா" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வழியில் தின்ன வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம் மடியிலேயே இருந்தது, பிரிக்கவில்லை. சந்தியா வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் ஏறும் வரை என்னோடு பேசவில்லை. ஏறிய பிறகும் பேசவில்லை. பொம்மையார்பாளையம் தாண்டியதும் என் மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். எனக்கு உயிர் வந்தது.

பரீட்சை முடிவு வந்தது. பாஸ். மற்றதில் எல்லாம் நல்ல மார்க், இதில் மட்டும் இன்னும் ஒன்று குறைந்திருந்தால் போயிருப்பாள். சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தால் பரீட்சையே எழுத முடியாது என்று கல்லூரியில் அதற்குப் பிறகு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். அவளுக்குப் பின்னால் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் என்னைத்தான் திட்டுவார்கள். திட்டட்டும். ட்ரெயினிங் கிடைத்தது, இப்போது அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் நிம்மதியாகப் பொய் சொல்ல முடிவதில்லை. என் மகன் வேலைக்குப் போகாமல் தலைவலி என்று படுத்தால், மல்லிகா அவன் முழங்கையைத் தொட்டு, "இங்கதான் வலிக்குதா?" என்பாள். "அங்கதான், அங்கதான்" என்று அவனே சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டுவான். பக்கத்து வீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டுக்காரர்கள், கொடுத்த காப்பி பிரமாதம் என்று புகழ்ந்தபோது அந்த வீட்டுக்காரியும், "இங்கதான் வலிக்குதா?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சம்பந்தம் நின்றுபோகாமல் இருந்ததே பெரிது.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தியா வந்திருந்தாள். அவளுக்குப் பிடிக்குமே என்று நானே சங்கரா மீன் குழம்பு வைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். (அளத்துக்காரி வீட்டுல உப்புக்குப் பஞ்சமா?) மல்லிகா ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடினாள். மகன் மோரை ஊற்றிக்கொண்டான். சந்தியா மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி குழம்பும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்குதாடி?"

"சூப்பரா இருக்குது ஆயா."

நான் கையை நீட்டி அவள் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினேன்.

"இங்கதான் வலிக்குதா?"

கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, காரமா உப்பா தெரியவில்லை. வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"அங்கதான் ஆயா. அங்கதான்."